மும்முனை ட்ரான்ஸ்பார்மர்: ஸ்டார், டெல்டா இணைப்பை முதல்முறை செய்பவர்களுக்கு

ஐடிஐ, பாலிடெக்னிக் லேபில் முதல்முறையாக மும்முனை இணைப்பு கொடுக்கப் போகிறவர்களையும், மோட்டார் வைண்டிங் கடையிலிருந்து ட்ரான்ஸ்பார்மர் பக்கம் வந்திருப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோட்டில் ஸ்டாரும் டெல்டாவும் வரைவது எல்லோருக்கும் வந்துவிடும். மேசை மேல் மூன்று சிங்கிள் ஃபேஸ் ட்ரான்ஸ்பார்மர், ஒவ்வொன்றிலும் நாலு முனை, ஆக 12 முனையும் ஒரே மாதிரி தெரியும்போதுதான் கை தயங்கும். அந்தத் தயக்கம் நல்லதுதான். ஒரே ஒரு சுருளின் இரண்டு முனைகள் இடம் மாறிவிட்டால் போதும், ஸ்டாராக இருந்தால் வோல்டேஜ் கோணலாக வரும், டெல்டாவாக இருந்தால் சுருளே கருகிப்போகும்.

உதாரணத்துக்கு 1 கேவிஏ, 230/115 வோல்ட் ட்ரான்ஸ்பார்மர் மூன்றை எடுத்துக்கொள்கிறேன், லேபில் எளிதாகக் கிடைக்கும் அளவு. இதில் கை பழகிய பிறகு தெருமுனையில் நிற்கும் 11 கேவி ட்ரான்ஸ்பார்மருக்குப் போகலாம். அதன் தொட்டிக்குள்ளும் இருப்பது இதே மாதிரி மூன்று ஜோடிச் சுருள்கள்தான், ஒரே கோரில் சுற்றியிருப்பார்கள், அவ்வளவே.

ஒரு சுருளுக்கு எத்தனை வோல்ட்?

மூன்று சுருள்களின் ஒரு பக்க முனைகளை ஒன்றாகக் கட்டிவிட்டு, மறுபக்க முனைகளை லைனுக்குக் கொடுத்தால் அது ஸ்டார். ஒன்றாகக் கட்டிய இடம்தான் நியூட்ரல். ஒரு சுருளின் முடிவை அடுத்த சுருளின் தொடக்கத்தோடு சேர்த்துச் சேர்த்து வளையமாக்கி, மூன்று மூலைகளிலிருந்தும் லைன் எடுத்தால் அது டெல்டா.

ஸ்டாரில் லைன் வோல்டேஜை 1.732 ஆல் வகுத்தால் வருவதுதான் ஒரு சுருளுக்குக் கிடைக்கும். கரண்ட் மட்டும் லைனில் ஓடுவதே சுருளிலும் ஓடும். டெல்டாவில் இது தலைகீழ்: லைன் வோல்டேஜ் முழுசாகச் சுருள் மேல் விழும், லைன் கரண்டை 1.732 ஆல் வகுத்தால் சுருள் கரண்ட்.

இந்தக் கணக்கைப் போடாமல் ஒயரைத் தொடக்கூடாது. லேபில் வரும் சப்ளை 415 வோல்ட். நம் பிரைமரிச் சுருள் 230 வோல்ட்டுக்குச் சுற்றியது. ஸ்டாரில் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 240 வோல்ட், தாங்கும். டெல்டாவில் கட்டி அதே 415ஐ நேராகக் கொடுத்தால் கோர் சாச்சுரேட் ஆகி (இரும்பு காந்தத்தைத் தாங்கும் எல்லை தாண்டி), லோடே இல்லாமல் கன்னாபின்னாவென்று கரண்ட் இழுத்து, உறுமி, ஃபியூஸைக் கொண்டுபோய்விடும். அதனால் பிரைமரியை டெல்டாவில் கட்ட நினைத்தால் நடுவில் மும்முனை வேரியாக் வைத்து லைன் வோல்டேஜை 230க்கு இறக்கியாக வேண்டும்.

பிரைமரிச் சுருளுக்கு 230 வரும்போது செகண்டரியில் ஒரு சுருள் 115 வோல்ட்; 240 வந்தால் கீழே சொல்லும் செகண்டரி அளவுகளும் அதற்கேற்பக் கொஞ்சம் கூடும். ஸ்டாரில் கட்டினால் லைனுக்கு லைன் 199, டெல்டாவில் கட்டினால் 115. சுருள் தாங்கும் கரண்ட் 8.7 ஆம்பியர். ஆகவே ஸ்டாரில் லைனுக்கு 8.7 ஆம்பியரும் டெல்டாவில் லைனுக்கு 15 ஆம்பியரும் எடுக்கலாம். லைன் வோல்டேஜையும் லைன் கரண்டையும் பெருக்கி, அதை 1.732 ஆலும் பெருக்கிப் பாருங்கள், இரண்டிலும் மொத்தம் 3 கேவிஏதான் வரும். டெல்டாவில் கட்டினால் கூடுதல் பவர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முனைகளுக்குப் பெயர் வைப்பது

மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து எந்த இரண்டு முனை ஒரே சுருள் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டன்ஸ் கூடுதலாகக் காட்டுவது 230 பக்கம், குறைவாகக் காட்டுவது 115 பக்கம். அப்புறம் எது தொடக்கம், எது முடிவு என்று பார்க்க வேண்டும். இதைத்தான் போலாரிட்டி டெஸ்ட் என்கிறோம். நேம் பிளேட்டில் எழுதியிருக்கிறதே என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள், ரீவைண்டிங் ஆன ட்ரான்ஸ்பார்மரில் பழைய எழுத்துக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

ஒரு ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரி முனை ஒன்றையும் செகண்டரி முனை ஒன்றையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுங்கள். மீதி நிற்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே வோல்ட்மீட்டர். இப்போது பிரைமரிக்கு வேரியாக் வழியாக 100 வோல்ட் கொடுங்கள், முழு 230 தேவையில்லை. செகண்டரியில் 50 வோல்ட் வரும். மீட்டர் 50 காட்டினால் இரண்டும் கழிகிறது என்று அர்த்தம்: நீங்கள் சேர்த்த இரண்டு முனைகளும் ஒரே போலாரிட்டி, இரண்டுக்கும் "தொடக்கம்" என்று சீட்டு ஒட்டுங்கள். 150 காட்டினால் கூடுகிறது, சேர்த்த முனைகள் எதிரெதிர், ஒன்றுக்குத் தொடக்கம் என்றும் மற்றதற்கு முடிவு என்றும் சீட்டு. மூன்று ட்ரான்ஸ்பார்மருக்கும் இதையே செய்யுங்கள். சீட்டு என்று சொன்னது பேச்சுக்கு அல்ல, மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவால் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தால் ஏழாவது முனையில் எல்லாம் கலங்கிப்போகும்.

டார்ச் செல்லை ஒரு சுருளில் தொட்டு, மறுசுருளில் முள் மீட்டர் எந்தப் பக்கம் உதறுகிறது என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. சப்ளை இல்லாத இடத்தில் அது கை கொடுக்கும். டிஜிட்டல் மீட்டரில் அந்த உதறல் சரியாகத் தெரியாது.

ஸ்டார்–ஸ்டார்: முதலில் இதைக் கட்டுங்கள்

பிரைமரியின் மூன்று முடிவு முனைகளையும் ஒன்றாகக் கட்டுங்கள். மூன்று தொடக்க முனைகளைச் சப்ளையின் ஆர், ஒய், பி என்ற மூன்று லைன்களுக்கு வரிசையாகக் கொடுங்கள். கட்டிய முடிச்சைச் சப்ளை நியூட்ரலோடு சேர்த்துவிடுங்கள். இப்போதைக்கு அது இருக்கட்டும், ஏன் என்று பின்னால் வருகிறேன். செகண்டரியிலும் அப்படியே: முடிவுகள் மூன்றும் ஒரு முடிச்சு, தொடக்கங்கள் மூன்றும் வெளியே.

சப்ளை போட்டதும் பலரும் செய்வது, செகண்டரி நியூட்ரலில் ஒரு புரோபை வைத்து மூன்று லைனையும் தொட்டுப் பார்த்து, மூன்றிலும் 115 வருகிறது, எல்லாம் சரி என்று எழுந்துவிடுவது. அந்த அளவு எதையும் நிரூபிக்காது. ஒரு சுருள் தலைகீழாக மாட்டியிருந்தாலும் நியூட்ரலிலிருந்து 115தான் காட்டும், ஏனென்றால் மீட்டருக்குத் திசை தெரியாது. லைனுக்கு லைன் அளந்து பாருங்கள். மூன்று ஜோடியும் 199 என்றால் சரி. ஒரு ஜோடி 199, மற்ற இரண்டும் 115 என்று வந்தால் ஒரு சுருள் தலைகீழ். எது? அந்த இரண்டு 115 அளவிலும் பொதுவாக வரும் லைன் எதுவோ, அதன் சுருள்தான். ஆர்–ஒய் 199 காட்டி, ஒய்–பியும் பி–ஆரும் 115 காட்டினால் பி சுருளின் முனைகளை மாற்றிப் போட வேண்டும். தவறு பிரைமரி பக்கம் நடந்திருந்தாலும் செகண்டரியில் இதே அடையாளம்தான் தெரியும்.

சரி, பிரைமரி நியூட்ரல் விஷயம். மேசையில் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது சப்ளையை நிறுத்திவிட்டு அந்த நியூட்ரல் ஒயரைக் கழற்றுங்கள். செகண்டரியில் ஒரே ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டு, சப்ளைக்கு நடுவே வேரியாக் வைத்து அதைப் பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள், வோல்டேஜைப் பாதி அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பல்பு போட்ட ஃபேஸில் வோல்டேஜ் படுத்துவிடும், மற்ற இரண்டிலும் ஏறிவிடும். பல்பு இழுக்கும் கரண்டுக்கு ஈடான கரண்ட் பிரைமரியில் திரும்பிப்போக நியூட்ரல் இல்லை, மற்ற இரண்டு சுருள்கள் வழியாகத்தான் போக வேண்டும், அவையோ செகண்டரியில் லோடு இல்லாமல் வெறும் சோக் மாதிரி வழி மறிக்கும். வீட்டில் நியூட்ரல் கட் ஆகி ஒரு வீட்டில் டிவி போவதும் பக்கத்து வீட்டில் பல்பு மங்குவதும் நமக்குத் தெரிந்த கதைதான். ஸ்டார்–ஸ்டாரில் செகண்டரி நியூட்ரல் ஒழுங்காக இருந்தும்கூட இதே ஆட்டம் வரும். அதனால்தான் தெரு சப்ளைக்கு வெறும் ஸ்டார்–ஸ்டாரை யாரும் விரும்புவதில்லை. பெரிய ட்ரான்ஸ்பார்மர்களில் ஸ்டார்–ஸ்டார் வேண்டும் என்றால் பல இடங்களில் மூன்றாவதாக ஒரு டெல்டாச் சுருளையும் உள்ளே சுற்றிவிடுவார்கள்.

செகண்டரி டெல்டா: கடைசி மூலையை மூடும் முன்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

பிரைமரி ஸ்டாரிலேயே இருக்கட்டும், நியூட்ரலைத் திரும்பச் சேர்த்துவிடுங்கள். செகண்டரியில் முதல் சுருளின் முடிவை இரண்டாவதன் தொடக்கத்தோடு சேருங்கள். இரண்டாவதன் முடிவை மூன்றாவதன் தொடக்கத்தோடு சேருங்கள். மூன்றாவதன் முடிவும் முதலாவதன் தொடக்கமும் மிச்சம் நிற்கும். அவற்றைச் சேர்த்தால் டெல்டா முடிந்தது. சேர்க்காதீர்கள். அந்த இடைவெளியில் வோல்ட்மீட்டரை மாட்டிவிட்டுச் சப்ளை போடுங்கள்.

மூன்று வோல்டேஜும் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருப்பதால் சுற்றி வந்து கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். சின்ன வித்தியாசங்களால் ஒன்றிரண்டு வோல்ட் காட்டலாம், பரவாயில்லை. ஒரு சுருள் தலைகீழாக இருந்தால் 230 வோல்ட் காட்டும், அதாவது ஒரு சுருள் வோல்டேஜின் இரண்டு மடங்கு. மீட்டர் இல்லை என்றால் அந்த இடத்தில் ஒரு 230 வோல்ட் பல்பை மாட்டினாலும் போதும், பிரகாசமாக எரிந்தால் மூடக்கூடாது.

மூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு ட்ரான்ஸ்பார்மரின் இம்பிடென்ஸ் (கரண்டைத் தடுக்கும் உள் எதிர்ப்பு) 5 சதவீதம் என்று வைத்தால், இரண்டு மடங்கு வோல்டேஜை மூன்று இம்பிடென்ஸ் மட்டுமே தடுத்து நிற்கிறது. சுற்றி ஓடும் கரண்ட் முழு லோடு கரண்டைப் போல 13 மடங்கு, நம் 8.7 ஆம்பியர் சுருளில் கிட்டத்தட்ட 116 ஆம்பியர். வெளியே லோடு எதுவும் மாட்டாமலேயே இது ஓடும், செகண்டரி லைனில் நீங்கள் போட்ட ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் வளையத்துக்குள்ளேயே சுற்றுகிறது. பிரைமரி ஃபியூஸ் காப்பாற்றினால் உண்டு.

இன்னொரு குழப்பம் இங்கே காத்திருக்கிறது. பிரைமரி நியூட்ரலைச் சேர்க்காமல் இதே டெஸ்டைச் செய்தால், இணைப்பு சரியாக இருந்தும் அந்த இடைவெளியில் கணிசமான வோல்டேஜ் காட்டும், பூஜ்யமும் இல்லாமல் 230ம் இல்லாமல் நடுவில் எங்கோ நிற்கும். பதறிப்போய்ச் சுருள்களை மாற்ற ஆரம்பிக்காதீர்கள். கோர் இரும்புக்கு வேண்டிய காந்தக் கரண்ட் சுத்தமான சைன் அலை இல்லை, அதில் 150 ஹெர்ட்ஸ் சமாச்சாரம், அதாவது மூன்றாம் ஹார்மோனிக், கலந்திருக்கும். நியூட்ரல் இல்லாத ஸ்டாரில் அந்தக் கரண்டுக்கு வழி கிடைக்காததால் அது வோல்டேஜாகச் சுருளில் தலைகாட்டும். மூன்று சுருளிலும் அது ஒரே நேரத்தில் ஒரே திசையில் இருப்பதால் 120 டிகிரிக் கணக்கு அதற்குச் செல்லாது, மூன்றும் கூடிவிடும். நியூட்ரலைச் சேர்த்துவிட்டுத் திரும்ப அளங்கள், மீட்டர் இறங்கிவிட்டால் இணைப்பு சரி. டெல்டாவை மூடிய பிறகு அந்த 150 ஹெர்ட்ஸ் கரண்ட் வளையத்துக்குள் கொஞ்சமாகச் சுற்றிக்கொள்ளும், வோல்டேஜ் அலை ஒழுங்காகிவிடும். டெல்டாவின் பெரிய உபயோகமே இதுதான் என்பேன்.

பூஜ்யம் வந்ததா? சப்ளையை நிறுத்துங்கள், மீட்டரைக் கழற்றுங்கள், கடைசி மூலையை மூடுங்கள், அப்புறம் சப்ளை.

பிரைமரி டெல்டா

வேரியாக்கில் லைன் வோல்டேஜ் 230க்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டு, பிரைமரியில் அதே முறையில் முடிவு–தொடக்கம், முடிவு–தொடக்கம் என்று வளையம் கட்டி மூலைகளில் ஆர், ஒய், பி கொடுங்கள். இங்கே திறந்த மூலை டெஸ்ட் எதுவும் கிடையாது, தனித்தனி கோர் உள்ள மூன்று ட்ரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு பிரைமரியும் இரண்டு லைனுக்கு நடுவே தொங்குகிறது, அவ்வளவுதான். ஒன்று தலைகீழாக இருந்தாலும் பிரைமரி சத்தம் போடாமல் ஓடும். தவறு செகண்டரியில்தான் வெளிப்படும், ஸ்டார் என்றால் லைனுக்கு லைன் அளவில், டெல்டா என்றால் திறந்த மூலையில். ஆனால் மூன்று சுருளும் ஒரே மூன்றுகால் கோரில் இருக்கும் ட்ரான்ஸ்பார்மரில் இந்தச் சலுகை கிடையாது. ஒரு பிரைமரி தலைகீழானால் மூன்று காலின் காந்த ஓட்டமும் ஒன்றையொன்று சமன் செய்யாமல் எண்ணெய் வழியாகவும் தொட்டி வழியாகவும் திரும்பப் பார்க்கும், கரண்ட் எகிறும்.

தெரு ட்ரான்ஸ்பார்மர் ஏன் டெல்டா–ஸ்டார்?

நம் ஊரில் 11 கேவி அல்லது 22 கேவி லைனில் மூன்று கம்பிதான் வருகிறது, நியூட்ரல் கிடையாது. மூன்று கம்பிக்கு டெல்டா பொருத்தம். வீட்டுப் பக்கம் சிங்கிள் ஃபேஸ் கொடுக்க நியூட்ரல் வேண்டும், அதனால் ஸ்டார். ஒரு ஃபேஸில் மட்டும் எல்லோரும் ஏசி போட்டாலும், மேலே டெல்டா இருப்பதால் அந்தக் கரண்ட் அதற்குரிய ஒரு சுருளில் மட்டும் வந்து லைனுக்குப் போய்விடுகிறது, மற்ற ஃபேஸ்களை ஸ்டார்–ஸ்டார் மாதிரி இழுத்துச் சாய்ப்பதில்லை. நியூட்ரலை இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு கொடுத்துத் தரையோடு கட்டுவது கட்டாயம், ஒன்று அறுந்தாலும் இன்னொன்று நிற்க வேண்டும்.

நேம் பிளேட்டில் 11000/433 வோல்ட் என்று இருக்கும். 433ஐ 1.732 ஆல் வகுத்தால் 250, இதுதான் லோடு இல்லாதபோது நியூட்ரலுக்கு வரும் வோல்டேஜ், கம்பியில் இழந்தது போக வீட்டுக்கு 230, 240 வந்து சேரும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் சுற்று விகிதம். 11000ஐ 433ஆல் வகுத்து 25.4 என்று எழுதிவிடுவார்கள். மேலே டெல்டா, சுருளுக்கு முழு 11000. கீழே ஸ்டார், சுருளுக்கு 250. சுற்று விகிதம் 44. ரேஷியோ டெஸ்டில் 44க்குப் பக்கத்தில் வந்தால்தான் சரி.

அதே பிளேட்டில் டி-ஒய்-என்-11 என்று ஒரு குறியீடு இருக்கும். டி என்றால் மேலே டெல்டா, ஒய் என்றால் கீழே ஸ்டார், என் என்றால் நியூட்ரல் வெளியே எடுத்திருக்கிறது. 11 என்பது கடிகாரம்: ஹெச்டி (11 கேவி பக்கம்) வோல்டேஜை 12ல் நிறுத்தினால் எல்டி (433 பக்கம்) வோல்டேஜ் 11ல் நிற்கும், அதாவது 30 டிகிரி முன்னால். இந்த 11 எங்கிருந்து வருகிறது என்று உங்கள் மேசையிலேயே பார்க்கலாம். லைன்களைத் தொடக்க முனைகளில் கொடுத்து, ஆர் சுருளின் முடிவை ஒய் சுருளின் தொடக்கத்தோடும், ஒய் முடிவைப் பி தொடக்கத்தோடும், பி முடிவை ஆர் தொடக்கத்தோடும் சேர்த்தால் 11. அதையே ஆர் முடிவு பி தொடக்கத்தோடு, பி முடிவு ஒய் தொடக்கத்தோடு, ஒய் முடிவு ஆர் தொடக்கத்தோடு என்று எதிர்ச்சுற்றாகக் கட்டினால் 1, 30 டிகிரி பின்னால். எந்த மீட்டரிலும் வோல்டேஜ் அளவு ஒன்றுதான், மோட்டாரும் ஒரே மாதிரி ஓடும். பக்கத்து ட்ரான்ஸ்பார்மரோடு சேர்க்கும் அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

11ஆ 1ஆ என்று வெளியிலிருந்தே கண்டுபிடிக்க

ரீவைண்டிங் முடிந்து வரும் ட்ரான்ஸ்பார்மரில் இதைப் பார்த்துவிடுவது நல்லது. லைனிலிருந்து முழுசாகக் கழற்றி, எர்த் போட்டு டிஸ்சார்ஜ் செய்த ட்ரான்ஸ்பார்மரில்தான் இந்த டெஸ்ட், அதுவும் தகுதிச் சான்று உள்ளவர் கூட இருக்கும்போது. 415 வோல்ட்டை ஹெச்டி பக்கம்தான் கொடுக்க வேண்டும். மறந்துபோய் எல்டி பக்கம் கொடுத்தால் மேலே ஏறத்தாழ 10,500 வோல்ட் வந்து நிற்கும், கிட்டே நிற்பவர் தப்ப மாட்டார். வீட்டு ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் சப்ளையோடு சேர்ப்பவர்கள் லைன்மேனுக்குச் செய்வதும் இதேதான்.

முனைப் பெயர்கள்: ஹெச்டி பக்கம் 1யூ, 1வி, 1டபிள்யூ, எல்டி பக்கம் 2யூ, 2வி, 2டபிள்யூ, 2என். 1யூவையும் 2யூவையும் ஒயரால் சேர்த்துவிட்டு ஹெச்டிக்கு 415 கொடுங்கள். 11000/433 ட்ரான்ஸ்பார்மரில், சப்ளை சரியாக 415 என்று வைத்தால், கணக்குப்படி டி-ஒய்-என்-11க்கு வர வேண்டிய அளவுகள் இவை. 1வி–2டபிள்யூ 401, 1டபிள்யூ–2டபிள்யூவும் 401, இரண்டும் சமம். 1வி–2வி 401, ஆனால் 1டபிள்யூ–2வி 415. எதிர்ச்சுற்றான 1 ஆக இருந்தால் இது புரளும்: 1வி–2வியும் 1டபிள்யூ–2வியும் சமமாக 401 வரும், 415 காட்டுவது 1வி–2டபிள்யூவாக இருக்கும். நியூட்ரலும் காட்டிக்கொடுக்கும். 11ல் 1யூ–2என் அளவையும் 2என்–1வி அளவையும் கூட்டினால், 9.4ம் 405.6ம், சரியாக 415 வரும்.

வித்தியாசம் வெறும் 14 வோல்ட்தான் என்பதால் எல்லா அளவையும் ஒரே மீட்டரில், அடுத்தடுத்து எடுங்கள். சப்ளை வோல்டேஜ் நடுவில் ஆடினால் குழப்பம்தான், ஒவ்வொரு அளவுக்கும் இடையில் சப்ளையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று சப்ளை வோல்டேஜும் சமமாக இல்லாத இடத்தில் இந்த டெஸ்டை ஆரம்பிக்கவே வேண்டாம்.

இரண்டைச் சேர்த்து ஓட்ட

பேரலலில் ஓட்ட வேண்டுமானால் வோல்டேஜ் விகிதம், போலாரிட்டி, ஃபேஸ் வரிசை, கடிகார எண் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும், சதவீத இம்பிடென்ஸும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் லோடு அவரவர் கேவிஏ கணக்கில் பிரியும். இதில் போலாரிட்டி, ஃபேஸ் வரிசை, கடிகார எண் மூன்றும் பேரத்துக்கு இடமில்லாதவை. டி-ஒய்-என்-11ஐயும் நியூட்ரல் எடுத்த ஸ்டார்–ஸ்டாரையும் (அதன் எண் பூஜ்யம்) சேர்த்தால் இரண்டுக்கும் 30 டிகிரி வித்தியாசம், வோல்டேஜில் அது 52 சதவீதம். ஆளுக்கு 4.5 சதவீத இம்பிடென்ஸ் என்றால் முழு லோடைப் போல ஐந்தே முக்கால் மடங்கு கரண்ட் இரண்டுக்கும் நடுவே சும்மா சுற்றும்.

இங்கேயும் மூடும் முன் மீட்டர். இரண்டின் நியூட்ரலையும் சேர்த்துவிட்டு, இந்த ட்ரான்ஸ்பார்மரின் ஆருக்கும் அந்த ட்ரான்ஸ்பார்மரின் ஆருக்கும் நடுவே அளங்கள், ஒய்க்கும் பிக்கும் அப்படியே. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சேர்க்கலாம். 433 வோல்ட் ட்ரான்ஸ்பார்மரில் மூன்றிலும் 129 வோல்ட் காட்டினால் 30 டிகிரிப் பிரச்சினை. ஒன்றில் பூஜ்யமும் மற்ற இரண்டில் 433ம் காட்டினால் இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது.

மூன்றில் ஒன்று போய்விட்டால்

டெல்டா–டெல்டாவில் ஓடும் மூன்று தனி ட்ரான்ஸ்பார்மரில் ஒன்று கெட்டுப்போனால் அதை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு மற்ற இரண்டை வைத்தே மும்முனை சப்ளை கொடுக்கலாம். திறந்த டெல்டா, வி இணைப்பு என்று சொல்வார்கள். கெட்டதன் முனைகளில் ஒன்றைக்கூட ஒட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள், பிரைமரியையும் செகண்டரியையும் சேர்த்தே எடுங்கள். மூன்றாவது ஜோடிக்கு இடையே வோல்டேஜ் தானாக வரும், நம் கணக்கில் அதே 115. ஆனால் 1 கேவிஏ இரண்டு இருப்பதால் 2 கேவிஏ கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். இப்போது லைன் கரண்ட் அப்படியே சுருள் கரண்ட், 8.7 ஆம்பியருக்கு மேல் லைனிலும் எடுக்க முடியாது. மொத்தம் 1.73 கேவிஏ, அதாவது முன்பு கிடைத்ததில் 57.7 சதவீதம். லோடை அதற்குள் குறைத்துவிட்டு, மூன்று ஜோடியையும் லைனுக்கு லைன் ஒருமுறை அளந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.